விளம்பரத்தில் ரோம், கப்பல் நிற்பது வேறு ஊரில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சொகுசுக் கப்பல் பயணம் பற்றி உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கப்பலுக்குள் எத்தனை மாடி, எந்த மாடியில் நீச்சல் குளம், ராத்திரி என்ன நிகழ்ச்சி என்பதெல்லாம் விலாவாரியாக இருந்தது. கரையில் இறங்கினால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் ஒரே வரி: துறைமுக நகரங்களில் பஸ், ரயிலில் ஏறினால் திருட்டு பயம் உண்டு, அதனால் கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலாவில் போய்விடுங்கள் என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த யோசனை சில ஊர்களுக்குச் சரி, பல ஊர்களுக்குச் சரியில்லை. எந்த ஊருக்கு எது என்று பிரித்துச் சொல்லாமல் மொத்தமாகப் பயமுறுத்தினால் என்ன ஆகிறது என்றால், கப்பலை விட்டு இறங்கியதும் எதிரிலேயே மெட்ரோ இருக்கிற ஊரில்கூட ஜனங்கள் பெரிய பஸ்ஸில் ஏறி, கொடி பிடித்தவர் பின்னாலேயே வரிசையாக நடந்துவிட்டு, பார்த்தது பாதி பார்க்காதது பாதியாகத் திரும்புகிறார்கள். உண்மையிலேயே உஷாராக இருக்க வேண்டிய ஊரிலோ, எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்குப் பயப்படுவதில்லை. ஜேப்படி நடந்தால் போவது பர்ஸ். நேரம் தவறினால் போவது கப்பல். இரண்டில் எதற்கு முதலில் கவலைப்பட வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

முதலில் இந்த ஊர்ப்பெயர் விவகாரம். பயணத் திட்டத்தில் ரோம் என்று போட்டிருப்பார்கள். கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியா என்ற துறைமுகத்தில், ரோமிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ஃப்ளாரன்ஸ் என்று இருந்தால் அது லிவோர்னோ, அங்கிருந்து ஃப்ளாரன்ஸுக்கு ரயிலில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். பாரிஸ் என்றால் லு ஹாவ்ர், கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர், ரயிலிலேயே இரண்டு மணி நேரத்துக்கு மேல். பெர்லின் என்றால் பால்டிக் கடலோரத்து வார்னமுண்டே, அது 200 கிலோமீட்டரையும் தாண்டும். பாங்காக் என்றால் லேம் சபாங், 100 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் பாங்காக் டிராஃபிக்கில். வெனிஸ் கதை இன்னும் வேடிக்கை: 25,000 டன்னுக்கு மேற்பட்ட பெரிய கப்பல்கள் ஊரை ஒட்டிய ஜுதெக்கா கால்வாய்க்குள் வரக்கூடாது என்று 2021 ஆகஸ்ட்டிலிருந்து தடை இருக்கிறது, அதனால் பல கப்பல்கள் ரவென்னாவிலோ திரியெஸ்தேவிலோ நிற்கின்றன, விளம்பரத்தில் மட்டும் வெனிஸ் அப்படியே இருக்கிறது. டிக்கெட் எடுக்கும் முன்பே துறைமுகத்தின் உண்மையான பெயரைக் கேட்டு வாங்கி, மேப்பில் போட்டுப் பார்த்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தும் பிரயோஜனமில்லை.

அடுத்தது நேரக் கணக்கு. கப்பல் காலை 7 முதல் இரவு 7 வரை நிற்கும் என்று அட்டவணையில் இருந்தால் கையில் 12 மணி நேரம் இருப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். 7 மணி என்பது கப்பல் கரையில் அணைகிற நேரம். கயிறு கட்டி, துறைமுக அதிகாரிகள் காகிதம் பார்த்து, இறங்கும் பாலத்தைத் திறக்க அரை மணியோ முக்கால் மணியோ ஆகும், அதிலும் முதலில் இறக்கிவிடுவது கப்பல் டூர் எடுத்தவர்களைத்தான். சாயங்காலமும் அப்படித்தான். 7 மணி என்பது கப்பல் நகரும் நேரம், எல்லோரும் உள்ளே இருக்க வேண்டிய நேரம் அதற்கு அரை மணி முன்னால், சில கப்பல்களில் ஒரு மணி நேரம் முன்னால். ராத்திரி கேபினுக்கு வருகிற மறுநாள் நிகழ்ச்சித்தாளில் 'ஆல் அபோர்டு' என்று அந்த நேரத்தைத் தடித்த எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்தத் தாளை அப்படியே போனில் படம் பிடித்துக்கொண்டு இறங்குவது நல்லது, ஏனென்றால் அதே தாளில்தான் அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் வேலைகளைப் பார்க்கிற துறைமுக ஏஜென்டின் போன் நம்பரும் இருக்கும்.

இதில் இன்னொரு வில்லங்கம் உண்டு, இதை எந்தச் சுற்றுலாக் கட்டுரையிலும் நான் பார்த்ததில்லை. கப்பல் நேரம் வேறு, ஊர் நேரம் வேறாக இருக்கலாம். இத்தாலிக்கும் கிரீஸுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம், ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். லிஸ்பனில் ஒரு நாள், மறுநாள் ஸ்பெயினின் காதிஸ் என்று போகிற கப்பலில் சில கேப்டன்கள் கடிகாரத்தைத் திருப்பச் சொல்வார்கள், சிலர் கப்பல் நேரத்தை மாற்றாமலே விட்டுவிடுவார்கள். நம் கைபேசியோ கரையில் கால் வைத்து சிக்னல் கிடைத்ததும் யாரையும் கேட்காமல் ஊர் நேரத்துக்கு மாறிவிடும், ஏர்பிளேன் மோடில் இருந்தால் மாறாது. குடும்பத்தில் நாலு பேர் நாலு நேரத்தைக் காட்டிக்கொண்டு ரயிலுக்கு நிற்பது வேடிக்கையாகத்தான் இருக்கும், ஒரு மணி நேரம் பிசகும்வரை. கையில் கட்டுகிற சாதாரணக் கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்திலேயே வைத்துக்கொண்டு, அதை மட்டும் பார்த்து நடப்பதுதான் சுலபம்.

சரி, ரோமையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் ரயிலில் தாராளமாகப் போய் வரக்கூடிய, ஆனால் அலட்சியமாக இருந்தால் மாட்டிக்கொள்ளக்கூடிய ஊர் அதுதான். சிவிட்டாவெக்கியா துறைமுகத்துக்குள் நடக்க விடமாட்டார்கள், கப்பலடியிலிருந்து துறைமுக பஸ் ஒன்று லார்கோ டெல்லா பாச்சே என்ற இடத்தில் கொண்டுவந்து விடும். அங்கிருந்து ஸ்டேஷனுக்கு ஊர் பஸ் உண்டு, நடந்தாலும் அரை மணிக்குள் போய்விடலாம். பிராந்திய ரயிலில் ஏறினால் ரோமின் பெரிய ஸ்டேஷனான டெர்மினிக்கு ஒன்றேகால் மணி நேரம். வத்திக்கான்தான் முக்கியம் என்பவர்கள் டெர்மினி வரை போகவே வேண்டாம், வழியில் சான் பியத்ரோ ஸ்டேஷனில் இறங்கினால் தேவாலயச் சதுக்கத்துக்கு நடக்கிற தூரம். கொலோசியம் பார்க்க வேண்டுமானால் டெர்மினியில் மெட்ரோ பி லைனில் ஏறி இரண்டாவது நிறுத்தம், வெளியே வந்து தலையைத் தூக்கினால் அதுதான் எதிரில் நிற்கிறது.

டிக்கெட் விஷயத்தில் ஒன்று. காகித டிக்கெட் வாங்கினால் வாங்கியதோடு வேலை முடியவில்லை. பிளாட்பாரத்துக்குப் போகும் வழியில் சுவரில் பொருத்திய சின்ன இயந்திரம் ஒன்று இருக்கும், அதன் வாயில் டிக்கெட்டைச் செருகினால் கடகடவென்று தேதியும் நேரமும் அடித்துத் தரும். அடிக்காமல் ஏறினால் டிக்கெட் கையில் இருந்தும் அபராதம். போனில் எடுத்த டிக்கெட்டானால் ஏறும் முன் போனிலேயே செக்-இன் தட்ட வேண்டும். டிக்கெட் மெஷின் பக்கத்தில் யாராவது சீருடை இல்லாமல் வந்து நான் எடுத்துத் தருகிறேன் என்று பொத்தானை அமுக்க ஆரம்பித்தால், சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விடுங்கள். உதவி முடிந்ததும் கை நீளும், அல்லது மீதிச் சில்லறை காணாமல் போகும்.

இப்போது திரும்புவது. ஆல் அபோர்டு ஆறரை என்றால், நாலரைக்கு சிவிட்டாவெக்கியா ஸ்டேஷனில் இறங்குகிற மாதிரி, அதாவது 3 மணி சுமாருக்கே டெர்மினியில் ரயில் ஏறிவிட வேண்டும் என்பேன் நான். இரண்டு மணி நேரம் வீண்தானே என்று தோன்றும். வீண் இல்லை. அந்த ரயில் ரத்தானால் அடுத்த ரயில் இருக்கிறது, அதுவும் தாமதமானால் அதற்கடுத்தது இருக்கிறது, ரயில்களே நின்றுவிட்டாலும் டாக்சி பிடித்து வந்து சேர நேரம் இருக்கிறது. அந்த டாக்சிக் காசைத் தனியாக, செலவழிக்காமல், ஒருவர் பையில் வைத்திருக்க வேண்டும். கடைசி ரயிலைக் கணக்கில் வைத்துப் போகிறவர்கள் துணிச்சல்காரர்கள் இல்லை, கணக்குத் தெரியாதவர்கள். சாயங்காலம் அந்த ரயில்களில் பாதிக் கூட்டம் கப்பல் கூட்டம்தான், எல்லோருக்கும் ஒரே நேரம்தான் கெடு, அதனால் ஸ்டேஷனிலிருந்து துறைமுக வாசலுக்கு வருகிற பஸ்ஸிலும், வாசலிலிருந்து கப்பலடிக்குப் போகிற பஸ்ஸிலும் வரிசை நீண்டு கிடக்கும்.

இத்தாலிக்கு இன்னொரு விசேஷம் வேலைநிறுத்தம். திடீரென்று நடப்பதில்லை, முன்கூட்டியே தேதி அறிவித்துவிடுவார்கள், ரயில்வே இணையதளத்தில் பார்க்கலாம். வேலை நாட்களில் வேலைநிறுத்தம் நடந்தாலும் காலை 6 முதல் 9 வரை, மாலை 6 முதல் 9 வரை பிராந்திய ரயில்கள் சில ஓடியாக வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. உள்ளூர்க்காரர்களுக்கு இது வேலைக்குப் போய்வர வசதி. கப்பல் பயணிக்கு இதுவே பொறி! காலையில் ஜம்மென்று ரயிலில் ரோமுக்குப் போய்விடலாம், பகலில் ரயில் இல்லை, சாயங்காலம் 6 மணிக்கு மறுபடி ரயில் ஓடத் தொடங்கும்போது கப்பலில் ஏணியை எடுக்கத் தயாராகிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தேதியில் கப்பல் டூரில் போங்கள், அல்லது சிவிட்டாவெக்கியாவிலேயே கடற்கரையில் நடந்துவிட்டு வாருங்கள்.

கப்பல் ஏன் பத்து நிமிஷம் காத்திருக்கக் கூடாது என்று பலரும் கோபப்படுகிறார்கள். துறைமுகத்தை விட்டு வெளியே கொண்டுபோகிற பைலட்டுக்கு நேரம் குறித்தாகிவிட்டது, அந்த இடத்துக்கு அடுத்த கப்பல் வர வேண்டும், அடுத்த ஊரில் இவர்களுக்கு ஒதுக்கிய நேரம் இருக்கிறது, தாமதத்தை ஈடுகட்ட வேகமாக ஓட்டினால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். ஏறும்போதும் இறங்கும்போதும் கார்டைத் தேய்க்கிறோமே, அதனால் யார் வரவில்லை என்பது அவர்களுக்கு அச்சுப்பிசகாமல் தெரியும். பெரும்பாலும் என்ன செய்வார்கள் என்றால், கேபின் பெட்டகத்தில் உங்கள் பாஸ்போர்ட் இருந்தால் எடுத்துத் துறைமுக ஏஜென்டிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அடுத்த துறைமுகத்துக்குப் போய்ச் சேருவது உங்கள் பாடு, உங்கள் செலவு. அது வேறு நாடாக இருந்து அதற்கு விசா வேண்டியிருந்தால் அந்தத் தலைவலி தனி.

2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் மேற்குப் பக்கமுள்ள சாவோ டோமே தீவில் எட்டுப் பேருக்கு இது நடந்தது, உலகமெங்கும் செய்தியாக வந்தது. தனியாக ஏற்பாடு செய்த டூர் ஒன்றில் போனவர்கள் நேரம் கழித்து வந்தார்கள். கடலோரக் காவல் படகில் கப்பல் வரைக்கும் கொண்டுபோயும் ஏற்றிக்கொள்ளவில்லை. அடுத்து காம்பியாவில் பிடிக்கலாம் என்று நாடு நாடாகத் தாண்டிப் போனால், அங்கே கடல் மட்டம் குறைவாக இருக்கிறதென்று கப்பல் கரைக்கே வரவில்லை, செனகல் வரை துரத்த வேண்டியதாயிற்று. கவனியுங்கள், இவர்கள் பஸ்ஸிலோ ரயிலிலோ போய் மாட்டியவர்கள் இல்லை. டூர் வண்டியில் போனவர்கள்தான். கப்பல் நிறுவனத்தின் சொந்த டூரானால் வண்டி தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும், வெளியார் டூருக்கு அந்த வாக்குறுதி இல்லை, துறைமுக வாசலில் நின்று நேரத்துக்குக் கொண்டுவந்து விடுகிறோம் என்று கூவுகிறவர்கள் என்ன சத்தியம் செய்தாலும் இல்லை.

கப்பல் டூரின் உண்மையான மதிப்பு அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. பயணி கொடுக்கிற கூடுதல் பணம் அதற்குத்தான், திருடனிடமிருந்து காப்பாற்றுவதற்கு இல்லை. பஸ்ஸில் கும்பலாக இறங்கும் டூர் கூட்டத்திலும் பர்ஸ் போகத்தான் செய்கிறது. அதனால் பாரிஸ், பெர்லின், பாங்காக் போன்ற தூரத்து ஊர்களுக்கு, போயே தீர வேண்டும் என்றால், யோசிக்காமல் கப்பல் டூரை எடுங்கள். என்னைக் கேட்டால் லு ஹாவ்ரில் இறங்கி ஈஃபிள் கோபுரத்தைத் தொட்டுவிட்டு ஓடிவருவதைவிட, அதே ரயில் பாதையில் ஒரு மணி நேரத்தில் வரும் ரூவானில் இறங்கித் தேவாலயத்தையும் பழைய தெருக்களையும் நிதானமாகப் பார்த்துவிட்டு வருவது எவ்வளவோ மேல். லு ஹாவ்ர் நகரமே 2005 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமான ஊரைக் கான்கிரீட்டில் திரும்பக் கட்டியதற்காக. அதைக் காலடியில் வைத்துக்கொண்டு எல்லோரும் பாரிஸுக்கு ஓடுகிறார்கள்.

கிட்டத்து ஊர்களில் டூர் எடுப்பதுதான் எனக்குப் புரியாத விஷயம். சிட்னியில் கப்பல் நிற்கும் சர்குலர் கீயில் ரயிலும் படகும் பஸ்ஸும் ஒரே இடத்தில், ஒபரா ஹவுஸ் நடக்கிற தூரம். வான்கூவரில் கப்பல் நிற்கும் கனடா பிளேஸை ஒட்டியே வாட்டர்ஃபிரண்ட் ஸ்டேஷன். சிங்கப்பூர் மரீனா பே கப்பல் முனையத்துக்குப் பக்கத்திலேயே 2014 முதல் மரீனா சவுத் பியர் மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது, இரண்டாவது நிறுத்தம் ராஃபிள்ஸ் பிளேஸ், அங்கிருந்து மெர்லயன் சிலைக்கு நடந்துவிடலாம். ஹாங்காங் ஓஷன் டெர்மினலில் இறங்கினால் ஸ்டார் ஃபெரி பக்கத்திலேயே. இஸ்தான்புல் கலாட்டாபோர்ட்டில் இறங்கினால் டி1 டிராம், பாலம் தாண்டி சுல்தானகமெத் நிறுத்தத்தில் இறங்கினால் ஒரு பக்கம் ஆயா சோஃபியா, இன்னொரு பக்கம் நீல மசூதி. அங்கே இஸ்தான்புல்கார்ட் ஒன்றையே குடும்பத்தில் பலருக்கும் மாற்றி மாற்றித் தட்டலாம். சிங்கப்பூரிலும் சிட்னியிலும் அது நடக்காது, வங்கிக் கார்டைத் தட்டிப் போவதானால் ஆளுக்கொரு கார்டு வேண்டும், வெளிநாட்டில் பயன்படுத்த வங்கியில் முன்கூட்டியே அனுமதியும் திறந்து வைத்திருக்க வேண்டும், கேட்டில் நின்றுகொண்டு அதைச் செய்ய முடியாது.

ஏதென்ஸ், டூர் எடுக்க வேண்டிய ஊருக்கும் வேண்டாத ஊருக்கும் நடுவில். பிரேயஸ் துறைமுகத்திலிருந்து போகிற மெட்ரோவின் பச்சை லைன் 1869-ல் நீராவி ரயிலாகத் தொடங்கியது, இன்றும் அக்ரோபொலிஸ் அடிவாரத்து மொனாஸ்திராக்கிக்கு இருபது நிமிஷத்தில் கொண்டுபோய் விடுகிறது. 2022 அக்டோபரிலிருந்து மூன்றாவது லைனும் பிரேயஸ் வரை வந்துவிட்டது, அதன் கடைசி ஸ்டேஷன் திமோதிகோ தியாத்ரோ கப்பல் முனையங்களுக்கு இன்னும் கிட்டே. ஆனால் அக்ரோபொலிஸுக்கு நாளைக்கு 20,000 பேர்தான் என்று 2023-ல் வரம்பு வைத்து, நேரம் குறித்த டிக்கெட் கொடுக்கத் தொடங்கினார்கள். ரயில் சுலபம், டிக்கெட் நேரம்தான் கவனிக்க வேண்டியது. பார்சிலோனாவும் இதே மாதிரி: துறைமுக பஸ் கொலம்பஸ் சிலையருகே விடும், டிராசானெஸ் ஸ்டேஷனில் மூன்றாம் லைன், பஸேச் டி கிராசியாவில் மாறி இரண்டாம் லைன், சக்ரடா ஃபமீலியா தேவாலய வாசலிலேயே ஸ்டேஷன், ஆனால் உள்ளே போக முன்பதிவு நேரம் வேண்டும். கப்பல் தாமதமாக அணைந்தால் அந்த நேரம் போய்விடும், அதனால் காலை முதல் நேரத்தை எடுக்காதீர்கள்.

நேப்பிள்ஸில் பொம்பேயி போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்கம்வெசுவியானா ரயிலில் சொரென்டோ போகிற வண்டியில் ஏறி, பொம்பேயி ஸ்காவி - வில்லா தெய் மிஸ்தெரி என்று எழுதிய ஸ்டேஷனில் இறங்க வேண்டும், இறங்கினால் எதிரே இடிபாடுகளின் வாசல். வெறும் பொம்பேயி என்ற பெயரில் வேறு ஸ்டேஷனும் உண்டு, அது புது ஊருக்குள் இருக்கிறது. அந்த ரயில் பழசு, நெரிசல், வெயில் காலத்தில் புழுக்கம். உட்கார இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். முழங்கால் வலி உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு போனால் இங்கே டூர் பஸ் எடுப்பதில் தப்பே இல்லை.

நங்கூரமிட்டு நிற்கிற ஊர்கள் தனி ரகம். கிரீஸின் சாந்தோரினித் தீவில் பெரிய கப்பல் கரைக்கு வராது, சின்னப் படகில் இறக்கிவிடுவார்கள். மேலே ஃபிரா ஊருக்குப் போக கேபிள் கார், அல்லது அறுநூறு படி போல ஏற வேண்டும். தீவின் இன்னொரு ஊரான ஓயாவுக்கு ஃபிராவிலிருந்து பஸ் இருக்கிறது, அது பிரச்சினையே இல்லை. பிரச்சினை சாயங்காலம் கீழே இறங்க கேபிள் காருக்கு நிற்கிற வரிசை, ஒரே நாளில் நாலைந்து கப்பல் வந்திருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் போகும். அங்கே பார்க்க வேண்டிய நேரம் கப்பல் கிளம்பும் நேரம் இல்லை, கடைசிப் படகு நேரம்.

இப்போது திருட்டுக்கு வருகிறேன். இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ரோமில் மெட்ரோ ஏ லைனும் டெர்மினியிலிருந்து வத்திக்கான் பக்கம் போகிற 64-ம் நம்பர் பஸ்ஸும், லிஸ்பனில் 28-ம் நம்பர் டிராமும், பார்சிலோனா மெட்ரோவும், ஏதென்ஸ் பச்சை லைனும் இதற்குப் பேர் போனவை. எப்படி நடக்கிறது என்பதை டெர்மினி பிளாட்பாரத்தில் எட்ட நின்று பார்த்திருக்கிறேன். ரயில் வந்து கதவு திறக்கிறது. நன்றாக உடுத்திய ஒருவர் முன்னால் ஏறி, ஏதோ சந்தேகம் வந்தவர் போல வாசலிலேயே நின்றுவிடுகிறார். பின்னால் வந்த பயணி ஒரு காலை உள்ளே வைத்தபடி நிற்கிறார். அவருக்குப் பின்னாலிருந்து இன்னொருவர் முதுகில் இடிக்கிறார், மூன்றாமவர் கையில் மடித்துப் போட்ட மேல்கோட்டு. கதவு மூடும் சத்தம் கேட்டதும் முன்னால் நின்றவர் தப்பான ரயில் என்பது போலக் கையை உதறிக்கொண்டு இறங்கிவிடுகிறார், மற்ற இருவரும் ஏறவே இல்லை. ரயில் போய்விட்டது, பின்பாக்கெட்டில் இருந்தது பிளாட்பாரத்திலேயே தங்கிவிட்டது. மொத்தமே அரை நிமிஷம் இருக்காது.

இதற்கு வீரம் எதுவும் தேவையில்லை. கதவு மூடப்போகும் நேரத்தில் ஓடி ஏறாதீர்கள், அடுத்த ரயில் சில நிமிஷத்தில் வரும். வாசலில் நிற்காமல் உள்ளே தள்ளிப் போய் நில்லுங்கள், முதுகுப்பையை மார்புப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள், போனைக் கதவோரம் உட்கார்ந்து பார்க்காதீர்கள். முக்கியமாக, கழுத்தில் கயிறு கட்டித் தொங்குகிற கப்பல் கார்டைக் கழற்றி உள்ளே வையுங்கள். அது ஒன்று போதும், இவர் இன்று காலைதான் வந்தார், சாயங்காலம் போய்விடுவார், போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து புகார் எழுத இவருக்கு நேரம் கிடையாது என்று ஊருக்கே அறிவிக்க. பணத்தையும் கார்டுகளையும் குடும்பத்தில் இரண்டு பேரிடம் பிரித்து வைத்துக்கொண்டால், ஒருவருடையது போனாலும் திரும்பி வர வழி இருக்கும்.

கூட்டமாகப் போகிறவர்கள் ஸ்டேஷனுக்குள் நுழையும் முன்பே ஒன்றைப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் ஏறி மற்றவர்கள் ஏறும் முன் கதவு மூடிவிட்டால், ஏறியவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அந்தப் பிளாட்பாரத்திலேயே நிற்க வேண்டும், மற்றவர்கள் அடுத்த ரயிலில் வந்து சேர வேண்டும். யாரும் எதிர்ப்பக்க ரயிலில் ஏறித் தேடிக்கொண்டு போகக் கூடாது. குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம், பெரியவர்கள்தான் பதற்றத்தில் மறக்கிறார்கள். ஒவ்வொருவர் போனிலும் கப்பலின் பெயர், முனையத்தின் எண், துறைமுக வாசலின் படம், நாம் பஸ் ஏறிய நிறுத்தத்தின் படம் இருக்கட்டும். பெரிய துறைமுகங்களில் முனையங்கள் பல, டாக்சிக்காரரிடம் வெறும் துறைமுகம் என்று சொன்னால் மூன்று கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிடுவார். மேப்பை வைஃபையில் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டைக் கப்பலே வாங்கி வைத்துக்கொள்கிற பயணங்கள் உண்டு, அப்போது அதன் நகலும் விசாப் பக்கத்தின் நகலும் கட்டாயம் கையில்.

பார்க்கிற வரிசையும் இதோடு சேர்ந்ததுதான். தூரத்தில் இருப்பதை முதலில் பார்த்துவிட்டு, கப்பலை நோக்கி வர வர மற்றதைப் பாருங்கள். கடைசியாகப் பார்க்கிற இடம் துறைமுகத்துக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்தால் அங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்.

ஆசிரியர் அவர்களே, என் வேண்டுகோள் இரண்டு. அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது ஓரத்தில் சின்னதாக ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொரு ஊருக்கும் துறைமுகத்தின் உண்மைப் பெயர், நகரத்துக்கு எத்தனை கிலோமீட்டர், ரயிலா பஸ்ஸா, கப்பல் கரையில் அணையுமா அல்லது படகில் இறக்குவார்களா, இந்த நாலு விவரத்தை மட்டும் கொடுங்கள். கட்டுரையின் பாதியை எடுத்துவிட்டுப் போட்டால்கூட வாசகர் திட்டமாட்டார். இன்னொன்று, அதே பக்கத்தின் கீழே வருகிற பயண விளம்பரங்களில் ரோம், ஃப்ளாரன்ஸ், பாரிஸ் என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்களிடம், சின்ன எழுத்திலாவது சிவிட்டாவெக்கியா, லிவோர்னோ, லு ஹாவ்ர் என்று சேர்க்கச் சொல்லுங்கள். விளம்பரத்துக்கு வார்த்தைக் கணக்கில் காசு வாங்குகிறீர்கள் என்றால் உங்களுக்கும் லாபம்தான்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்